மார்கழி விடியலில் திரும்பாத விசை

கேள்வி: ஐயா, நீடாமங்கலம் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறேன். அப்பா வைத்திருந்த .22 செமி ஆட்டோமேட்டிக் ரைபிள், அவர் காலமான பிறகு முறைப்படி உரிமம் மாறி இரண்டு வருடமாக என் பெயரில் இருக்கிறது. ஞாயிறுதோறும் விடியற்காலையில் ரைபிள் கிளப் சுடுதளத்துக்குப் போகிறேன். கார்த்திகைக் கடைசியிலிருந்து ஒரு தொல்லை. ஒரு குண்டு சுட்டதும் விசை (ட்ரிகர்) முன்னால் திரும்பி வருவதில்லை. விரலால் தள்ளிவிட்டால்தான் அடுத்த குண்டு சுட முடிகிறது. சில நேரம் 'டிக்' என்று சத்தம் மட்டும் கேட்கிறது, வெடிப்பதில்லை. பத்து பத்தரை மணிக்கு மேல் எல்லாம் சரியாகிவிடுகிறது. மாதம் தவறாமல் எண்ணெய் போடுகிறேன். அப்பா வைத்திருந்த, நெல் கொட்டி வைக்கிற பத்தாய அறையிலேயே பூட்டி வைத்திருக்கிறேன். என் மைத்துனர் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, 'உள்ளே இருக்கிற கொக்கியில் லேசாக அரம் போட்டால் விசை வெண்ணெய் மாதிரி ஆகிவிடும்' என்கிறார். செய்யலாமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மைத்துனர் கையில் அரம் இருந்தால் வாங்கி, அரிவாள் தீட்ட வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிப் பக்கம் அது வரக் கூடாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி, 'பத்து பத்தரை மணிக்கு மேல் எல்லாம் சரியாகிவிடுகிறது' என்பது. பலர் 'விசை சரியில்லை' என்று ஒற்றை வரியோடு நிறுத்திவிடுவார்கள். வயிற்றுவலி என்று மட்டும் சொல்லிவிட்டு மருத்துவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல. நீங்கள் நேரத்தையும் எழுதியிருக்கிறீர்கள். விடியலில் தேய்ந்திருக்கிற இரும்பு பத்து மணிக்கு வளர்ந்துவிடுமா? வளராது. வெயில் ஏறினால் குணம் மாறுகிற ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. என்ன எண்ணெய் போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நானே சொல்லட்டுமா? தேங்காய் எண்ணெய்.

இது ஜோசியம் இல்லை. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். நம் பக்கத்தில் மார்கழி விடியலில் 21, 22 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். கோலம் போட்டுவிட்டு வந்து தலைவார உட்காருகிற பெண்கள் எண்ணெய்ப் பாட்டிலை அடுப்போரம் வைப்பதும், குச்சி விட்டு நோண்டுவதும் வீட்டுக்கு வீடு நடக்கிறது. அதே எண்ணெய்தான் உங்கள் விசைப் பெட்டிக்குள்ளும் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. விசையைப் பழைய இடத்துக்குத் தள்ளுகிற ஸ்பிரிங், பால்பாயின்ட் பேனாவுக்குள் இருப்பதைவிடச் சற்றுத்தான் பெரியது. அது எத்தனை உறைந்த எண்ணெயைத் தள்ளும்? சுடுதளத்தில் வெயில் ஏறி, குழலும் நாலு குண்டில் சூடானதும் எண்ணெய் இளகுகிறது. விசை திரும்பி வருகிறது.

ராணுவத்தில் தளவாடங்களைப் பழுதுபார்க்கிற இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைச் சரிசெய்கிறவனாக இருந்து, ஓய்வுபெற்று ஊருக்கு வந்து, உரிமம் பெற்ற ஒரு கடையின் பட்டறையில் உட்கார்ந்த முதல் வருடமே எனக்கு இந்த நோய் அறிமுகமாகிவிட்டது. மிராசுதார் வீட்டு ரைபிள் ஒன்று வந்தது. மரக்கட்டையைக் கழற்றியதும் குப்பென்று ஒரு வாடை. தீபாவளி முடிந்து இரண்டு மாதம் டப்பாவில் கிடந்த முறுக்கின் சிக்கு வாடை. உள்ளே பார்த்தால் இரும்பே தெரியவில்லை. பழுப்பு நிறத்தில் களிம்பு. குச்சியால் எடுத்து விரலில் தேய்த்தேன், நறநறவென்றது. நெல் சுணை. துப்பாக்கி இருந்த இடம், உங்கள் வீட்டைப் போலவே, பத்தாய அறை. அறுவடை நாளில் அந்த அறைக்குள் போய் வந்தால் உடம்பெல்லாம் எப்படி அரிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சுணையும் உமித்தூசும் எண்ணெயில் ஒட்டி, அதன்மேல் மாதாமாதம் இன்னொரு சொட்டு எண்ணெய். போதாததற்கு, .22 தோட்டாவின் ஈயத்தலையில் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். சுடச்சுட அதன் கரியும் பின்பக்கம் வந்து படியும். செமி ஆட்டோமேட்டிக்கில் இந்தக் கரி விசைப் பெட்டிக்குள் வந்து விழுவது கூடுதல். தோட்டாவின் பின்பக்கத்தை அடைத்து நிற்கிற போல்ட், வெடிப்பின் அழுத்தத்திலேயே பின்னால் தள்ளப்பட்டுத் திறக்கிறது. புகையும் அதோடு வருகிறது.

'டிக்' சத்தத்துக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். விசையை இழுத்ததும் சியர் என்கிற கொக்கி விலகி, ஹேமர் என்கிற சுத்தி பாய்ந்து, தோட்டாவைக் குத்துகிற பயரிங் பின்னை அடிக்க வேண்டும். சுத்தி உறைந்த எண்ணெய்க்குள் நீந்திப் போனால் அடியில் வேகம் இருக்காது. ஆனால் இதில் இன்னொரு சந்தேகமும் இருக்கிறது, தோட்டா. .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து நடுவில் இல்லை. பின்புற விளிம்பின் மடிப்புக்குள் சுற்றிலும் இருக்கும். ஓரிடத்தில் மருந்து பரவாமல் இருந்து, பயரிங் பின் அங்கேயே அடித்தால் வெடிக்காது. அப்பா காலத்துத் தோட்டாக்களை இன்னும் சுட்டுக்கொண்டிருக்கிறீர்களா? ஈரம் ஏறியிருந்தாலும் வெடிக்காது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. வெடிக்காத தோட்டாவின் விளிம்பில் விழுந்த தடத்தை, அதே துப்பாக்கியில் பத்து மணிக்கு மேல் நன்றாகச் சுட்ட வெற்றுக் குப்பியின் தடத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தடம் ஒரே ஆழத்தில் இருந்தும் வெடிக்கவில்லை என்றால் குற்றம் தோட்டாவில். வெடிக்காததில் நகக்கீறல் போல மேலோட்டமாக இருந்தால் சுத்தி சோம்பலாக அடிக்கிறது. சுடுதள அதிகாரியிடம் ஒப்படைப்பதற்கு முன் அங்கேயே பார்த்துவிடுங்கள். வெடிக்காததை வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

'டிக்' என்றதும் என்ன செய்கிறீர்கள்? உடனே போல்ட்டை இழுக்கிறீர்கள் என்றால் இனி வேண்டாம். மருந்து மெதுவாகப் பற்றி, தாமதமாக வெடிப்பது உண்டு. முனையை இலக்கை விட்டு எடுக்காமல், முப்பது வரை நிதானமாக எண்ணிவிட்டுப் பிறகு திறங்கள்.

இதைவிட என்னைக் கவலைப்படுத்தியது, 'விரலால் தள்ளிவிட்டால்தான்' என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்களே, அது. ஒரு குண்டு வெடித்ததும் அந்தத் துப்பாக்கி தானாகவே அடுத்த தோட்டாவைச் சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காருகிற அறையில் ஏற்றி, சுத்தியையும் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிடுகிறது. அதாவது, நீங்கள் விரலை உள்ளே விட்டு நோண்டுகிற அந்த நேரத்தில் அது முழுக்கத் தயாராக நிற்கிறது. அதிலும் விசை பாதி வழியில் சிக்கி நிற்கும்போது கொக்கி எதைப் பிடித்திருக்கிறது, எவ்வளவு பிடித்திருக்கிறது என்று வெளியிலிருந்து எனக்கே தெரியாது. இனி விசை திரும்பாவிட்டால் அன்றைய சுடுதல் அதோடு முடிந்தது. முனை இலக்கைப் பார்த்தபடி, விரலை வெளியே எடுங்கள். முதலில், தோட்டாக்கள் அடுக்கியிருக்கிற மேகசினைக் கழற்றுங்கள். பிறகு போல்ட்டை இழுத்துச் சேம்பரில் இருப்பதை வெளியே எடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசின் இருக்கும்போதே போல்ட்டை இழுத்தால் ஒன்று வெளியே வரும், இன்னொன்று உள்ளே போகும். 'இழுத்துக் காலி செய்துவிட்டேனே' என்று சொன்னவர்கள் வீட்டுக் கூரையில் நான் ஓட்டை பார்த்திருக்கிறேன். மேகசினை எடுத்துவிட்டதாலேயே காலி என்றும் எண்ணிவிடாதீர்கள்; சேம்பரில் ஒன்று நிற்கும். கண்ணால் பாருங்கள், சுண்டுவிரல் நுனியால் சேம்பர் வாயைத் தொட்டும் பாருங்கள். இருட்டறையில் வேலை செய்து பழகியவன் சொல்கிறேன், விரலுக்குத் தெரிவது சில நேரம் கண்ணுக்குத் தெரியாது.

இனி வீட்டில் நீங்களே செய்யக்கூடியது. காலி செய்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு உட்காருங்கள். மைத்துனரையும் அந்த அறையில் பூட்டலாம்.

முதலில் மரக்கட்டையைச் சந்தேகப்படுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் வீட்டு நிலைக்கதவே உப்பி இறுகிக்கொள்கிறது. துப்பாக்கியின் மரமும் அப்படித்தான். விசை நீட்டிக்கொண்டிருக்கிற பிளவு நெருக்கமாக இருந்தால், உப்பிய மரம் விசையின் பக்கவாட்டில் உரசும். தினசரி காலண்டரில் நேற்றையத் தாளைக் கிழித்து, இரண்டாக மடித்து, விசைக்கும் மரத்துக்கும் நடுவில் இரண்டு பக்கமும் விட்டுப் பாருங்கள். தாராளமாகப் போய்வந்தால் மரத்தின் மேல் குற்றம் இல்லை. சிக்கினால், வெயிலில் காயவைக்காதீர்கள். மரம் முறுக்கிக்கொள்ளும், குழலின் நேரும் போய்விடும். மின்விசிறி ஓடுகிற அறையில் பத்து நாள் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். உங்கள் விஷயத்தில் மரம் காரணமாக இராது என்பது என் ஊகம். மரத்துக்குக் காலை, மாலை தெரியாது, மாதம்தான் தெரியும்.

அடுத்தது கழுவுதல். அந்தத் துப்பாக்கியோடு வந்த கையேடு இருந்தால் அதன்படி, இல்லையென்றால் அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றி மரக்கட்டையைப் பிரித்தெடுங்கள். அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விசைப் பெட்டியில் பாகங்களைக் கோத்திருக்கிற ஊசிகளைத் தட்டி எடுக்க வேண்டாம். உள்ளே இருக்கிற ஸ்பிரிங்குகளில் ஒன்று நெல்மணி அளவுதான் இருக்கும். பறந்துபோய் விழுந்தால் பத்தாய அறையில் நீங்கள் நெல்லைத்தான் பொறுக்கிக்கொண்டிருப்பீர்கள். பிரிக்காமலே கழுவலாம். பெயின்ட் கடையில் கிடைக்கிற டர்பன்டைன் போதும். பட்டறையில் நாங்கள் மண்ணெண்ணெய் பயன்படுத்திய காலம் உண்டு, இப்போது அதற்கு எங்கே போவது? கொல்லைப்புறத்தில், அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், பழைய பல் பிரஷ்ஷை அதில் நனைத்து விசைப் பெட்டியின் எல்லா இடுக்கிலும் தேயுங்கள். தலைகீழாகப் பிடித்து வடியவிடுங்கள். முதலில் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் வரும். தெளிவாக வரும்வரை விடாதீர்கள். மூன்று நான்கு முறை ஆகும். மரத்திலும் பிளாஸ்டிக் பாகங்களிலும் அது படக் கூடாது. பிறகு சைக்கிள் பம்பால் காற்றடித்து, துணியால் ஒற்றி, அரை நாள் காயவிடுங்கள்.

எண்ணெய் போடுவதில்தான் நம்மவர்களுக்குக் கைதாராளம். குழம்பு தாளிப்பது இல்லை, தம்பி. துப்பாக்கிக்கென்று விற்கிற மெல்லிய எண்ணெய் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெயும் ஆகும். தைக்கிற ஊசியின் முனையைத் தோய்த்து எடுத்தால் எவ்வளவு தொங்குமோ அவ்வளவு. விசைப் பெட்டியின் பாகங்கள் அந்தக் கோத்த ஊசிகளின் மேல் சுழலுகிற இடத்தில் மட்டும். மீதியைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். நல்லெண்ணெய் உறையாது என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். உண்மைதான், ஆனால் நாள்பட்டால் பிசின் பிடிக்கும். அவர் வீட்டுக் குத்துவிளக்கின் அடித்தட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

கழுவி முடித்ததும் ஒரு சோதனை. இதற்கு மருந்தில்லாத டம்மி தோட்டா ஒன்று சேம்பரில் இருக்க வேண்டும். .22-இல் வெறும் சேம்பரில் விசையை இழுத்துப் பழகினால், பல பழைய துப்பாக்கிகளில் பயரிங் பின் போய்ச் சேம்பரின் விளிம்பிலேயே அடித்துப் பள்ளம் போட்டுவிடும். முனையைப் பாதுகாப்பான திசையில், செங்கல் சுவரோ மணல் மூட்டையோ இருக்கிற பக்கம் வைத்துக்கொண்டு விசையை இழுங்கள். சுத்தி அடிக்கும். விசையை விடாமல் அழுத்திப் பிடித்தபடியே, மற்றக் கையால் போல்ட்டை முழுக்க இழுத்து விடுங்கள். டம்மி வெளியே விழுந்துவிடும், கவலை இல்லை. இப்போது விசையை மெல்ல, எறும்பு ஊர்கிற வேகத்தில் முன்னால் விடுங்கள். ஓரிடத்தில் 'டக்' என்று விரலுக்குத் தெரிகிற அளவில் ஒரு தட்டு. கொக்கியும் விசையும் மறுபடி கைகோக்கிற இடம் அது. அந்தத் 'டக்'தான் உங்களுக்கு விடியலில் வராமல் போனது. அது தெளிவாக வந்தால், மறுபடி டம்மியை ஏற்றி இழுத்துப் பாருங்கள்; சுத்தி அடிக்க வேண்டும். இதை நடுப்பகலில் செய்து திருப்திப்பட்டுவிடாதீர்கள். காலை ஐந்தரைக்கு எழுந்து, பனி விழுகிற வாசலில் கொஞ்ச நேரம் இருந்த பிறகு செய்யுங்கள்.

கழுவியும் வராவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அது பட்டறை வேலை.

ஆனால், விசையை அழுத்திப் பிடித்தபடி போல்ட்டை விட்டபோது சுத்தி நிற்காமல் போல்ட்டோடு சேர்ந்தே முன்னால் விழுந்தாலோ, போல்ட் மூடும்போது விசையைத் தொடாமலே அடித்தாலோ, சுடாமல் தடுக்கிற சேஃப்டியை எடுத்ததும் அடித்தாலோ, சுடுதளத்தில் ஒரு இழுப்புக்கு இரண்டு குண்டு போனாலோ, அதற்குமேல் என்னிடமும் கேள்வி கேட்க வேண்டாம். காலி செய்து, பெட்டியில் வைத்துப் பூட்டி, உரிமம் பெற்ற பட்டறைக்கு எடுத்துப் போங்கள். அது எண்ணெய்க் கோளாறு இல்லை, கொக்கி பிடிக்கவில்லை என்பதன் அடையாளம். 'ஒரு தடவைதான் அப்படி ஆனது' என்று விட்டுவைக்கக் கூடாத கோளாறுகள் இந்த நான்கும்.

இப்போது அரத்துக்கு வருகிறேன். தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கி கிடக்கிறது, பார்த்திருப்பீர்கள். அதற்கு விசை கிடையாது. திரியில் தீ வைத்தால் தீர்ந்தது. விசை வந்த பிறகுதான் என் போன்றவர்களுக்குப் பிழைப்பும் மைத்துனர்களுக்குப் பொழுதுபோக்கும் வந்தன. சியரும் சுத்தியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கிற விளிம்பு எவ்வளவு தெரியுமா? அரிசியின் முனை அகலம்கூட இராது. இழுத்துக் கட்டிய சுத்தியை அந்த விளிம்புதான் தாங்குகிறது. பல துப்பாக்கிகளில் அந்த முகத்துக்கு மேல்தோல் அளவுக்குத்தான் கடினம் ஏற்றியிருப்பார்கள். உள்ளே இரும்பு மெத்தென்றிருக்கும். அரம் பட்டால் அந்தத் தோல் போய்விடும். வீடியோக்காரர் சொன்னபடி அன்றைக்கு விசை வெண்ணெய் போலத்தான் இருக்கும். சுடச்சுட மெத்தென்ற இரும்பு மழுங்கி, துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்தாலே வெடிக்கும் நிலைக்கு வந்துவிடலாம். பட்டறையில் நாங்களே அந்த முகத்தில் அரம் போடுவதில்லை. தேய்ந்திருந்தால் புதுப் பாகம்தான் மாற்றுகிறோம்.

சட்டமும் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 5-ஆவது பிரிவின்படி துப்பாக்கியைத் தயாரிக்கவும் விற்கவும் உரிமம் வேண்டியதைப் போலவே பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். உங்கள் உரிமம் வைத்திருப்பதற்கானது. துடைத்து எண்ணெய் போடுவது உரிமையாளர் பராமரிப்பு. பாகத்தைத் தேய்ப்பது அப்படி ஆகாது. அதோடு, விசையை அழுத்தியிருக்கிறவரை குண்டு போய்க்கொண்டே இருக்கும்படி அமைத்த அல்லது மாற்றிய துப்பாக்கி, தடைசெய்யப்பட்ட ஆயுதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதை வைத்திருந்தால் 7 ஆண்டு முதல் 14 ஆண்டு வரை சிறை. 'விசை லேசாக வேண்டும் என்றுதான் தேய்த்தோம், தானாக அப்படி ஆகிவிட்டது' என்று மைத்துனர் நீதிமன்றத்தில் விளக்குவதை நீங்கள் பார்க்க விரும்பமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அக்காளோ தங்கையோ, வீட்டிலும் யாரோ ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பத்தாய அறையை விட்டு மாற்றுங்கள். நெல் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். சுணையைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். சுவரில் பதித்த இரும்புப் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பொட்டலம் இரண்டு. தோல் உறையிலோ கம்பளி உறையிலோ சுற்றி வைக்க வேண்டாம். மழைக்காலத்தில் அது ஈரத்துணி சுற்றியதற்குச் சமம். அப்பா காலத்துத் தோட்டா மீதம் இருந்தால் ஆற்றில் போடுவதோ கொல்லையில் புதைப்பதோ கூடாது. உரிமம் பெற்ற கடையிலோ காவல் நிலையத்திலோ எழுதி வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.

பட்டறைக்குப் போக வேண்டி வந்தால், அவர்கள் உரிமத்தில் பழுதுபார்ப்பு சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வெறும் விற்பனைக் கடைகளும் இருக்கின்றன. துப்பாக்கியைக் காலியாக, பெட்டிக்குள், அசல் உரிமத்தோடு எடுத்துப் போக வேண்டும். நகல் போதாது. துப்பாக்கியின் எண்ணை எழுதிய ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பொங்கலை ஒட்டி நாலைந்து நாள் பட்டறை திறந்திருக்காது. கரிநாள் கழித்துப் போங்கள். அதற்குள் இந்த ஞாயிறே கழுவிப் பார்த்துவிட்டால் போக வேண்டிய தேவையே இராது என்றுதான் நினைக்கிறேன். காலை ஐந்தரை மணிச் சோதனையில் அந்த 'டக்' வந்ததா என்று ஒரு வரி எழுதுங்கள்.